சிறுதொழில்களை வளர்த்துவிடும் இன்குபேட்டர் மையங்களில் சேர்ந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் (தென்னாப்பிரிக்கா, டர்பன் வட்டாரம்)

சாட்ஸ்வொர்த் மருமகள்:
என் மாமியார் அரைக்கும் மீன் மசாலாவுக்கு பேவியூ பக்கம் நல்ல பெயர். அதைக் கடைகளில் வைக்க ஆசைப்பட்டு ஓர் இன்குபேட்டரில் சேர்ந்தேன். மலிவு வாடகையில் இடம், இணையம், கணக்கர், ஒரு வழிகாட்டி. கையில் பணம் தருவார்கள் என்று எண்ணிப் போகாதீர்கள்.

வந்ததும் வழிகாட்டி தராசை எடுத்து வைத்தார். 100 கிராம் என்று எழுதிய பாக்கெட் ஒவ்வொன்றும் 110ஐத் தாண்டியது. கொசுறு போடாமல் மாமியாருக்குக் கை வராது. "உங்கள் லாபம் முழுக்க இதில்தான் போகிறது" என்றார். மாமியாருக்கு அவர்மேல் இன்றும் கோபம்தான். பிறகு மின்சாரம், பெட்ரோல், எங்கள் கூலி எல்லாம் சேர்த்து அடக்கவிலை போட்டோம். பார்கோடும் வரி நிலுவையில்லாச் சான்றிதழும் அவர்கள் விரட்டியதால்தான் கிடைத்தன.

இப்போது எங்கள் தெருப் பெண்கள் இருவர் பாக்கெட் போட வருகிறார்கள். லேபிள் அடிப்பதும் பக்கத்து அச்சகத்தில்தான். வட்டாரப் பொருளாதாரம் என்று மேடையில் முழங்குவது எனக்கு இந்த அளவில்தான் புரிகிறது.

பீனிக்ஸ்காரன்:
தங்கைக்கு வாய்த்த வழிகாட்டி எனக்கு வாய்க்கவில்லை. என்னுடையவர் ஒரு பெட்டிக்கடைகூட நடத்தியதில்லை; பாடம் மட்டும் நீளமாக எடுப்பார். பெரிய நிறுவனங்கள் இந்த மையங்களுக்குப் பணம் கொடுப்பது தருமத்துக்காக அல்ல. கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டு விதிகளின்படி, வரி போக மிஞ்சும் லாபத்தில் 2 சதவீதத்தைத் தங்கள் சப்ளையர்களை வளர்க்கவும் 1 சதவீதத்தை மற்றச் சிறுதொழில்களுக்கும் செலவிட்டால்தான் நிறுவனத்துக்கு அந்தப் பிரிவில் முழு மதிப்பெண். அந்தச் சட்டத்தில் கறுப்பினத்தவர் என்பதில் இந்திய வம்சாவளிக் குடிமக்களும் அடக்கம் என்பதால் நமக்கும் வாசல் திறக்கிறது. மதிப்பெண் கிடைத்ததும் நம்மை மறந்துவிடுகிறவர்களும் உண்டு. எனக்கு ஆர்டர் தருவதாகச் சொன்ன நிறுவனம் கடைசிவரை தரவே இல்லை.

ஒன்றுக்கு மட்டும் நன்றி சொல்வேன். சாஸ்ரியா என்னும் கலவரக் காப்பீடு இல்லாமல் சரக்கு இறக்கக் கூடாது என்று மையத்தார் பிடிவாதமாக நின்றார்கள். சாதாரணக் காப்பீட்டில் கலவரச் சேதம் சேராது. அரசின் சாஸ்ரியாவைத் தனியாகச் சேர்க்க வேண்டும். 2021 ஜூலைக் கலவரத்தில் என் கிடங்கைச் சூறையாடினார்கள். பில்கள் ஒழுங்காக இருந்ததால், நடையாய் நடந்த பிறகாவது ஈட்டுத்தொகை வந்தது. பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு காகிதமும் இல்லை, கடையையே மூடிவிட்டார்.

சாட்ஸ்வொர்த் மருமகள்:
ஆர்டர் விஷயம் உண்மைதான், அண்ணா. எங்களிடம் வாங்கிய சூப்பர்மார்க்கெட் பணம் தர மூன்று மாதம் இழுத்தது. அதுவரை மிளகாய்க்காரர் பொறுப்பாரா?

அரசு உதவி தேடுவோர் சிறுதொழில்களுக்கு உதவிய பழைய அரசு அமைப்பான சேடாவைத் தேடி அலைய வேண்டாம். 2024 அக்டோபரில் அது கடன் தரும் செஃபாவோடு இணைந்து செட்ஃபா ஆகிவிட்டது. எந்த மையமானாலும் கையெழுத்துப் போடுமுன், தொழிலில் பங்கு கேட்பார்களா என்று விசாரியுங்கள். அங்கிருந்து வெளியேறியவர்கள் இன்றும் தொழில் நடத்துகிறார்களா என்றும் கேளுங்கள். ஒருவர் பெயரைக்கூடச் சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.