மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் உங்கள் வீட்டில் என்ன கேட்டார்? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மாடிவீட்டு மருமகள்:
2011 பிப்ரவரி. மாடியில் நாங்கள், கீழே மாமனார் மாமியார், ரேஷன் கார்டு ஒன்றுதான். அந்தப் பொங்கலுக்கு அப்புறம் சமையல் மட்டும் தனி, அது நாத்தனாருக்குக்கூடத் தெரியாது. கணக்கெடுக்க வந்த டீச்சர் பேனாவைத் திறந்துகொண்டே “சமையல் ஒண்ணாத்தானேம்மா?” என்றார். மாமியார் “ஆமா”, நான் “இல்லை”, இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. டீச்சர் தலையை நிமிர்த்தவே இல்லை, இன்னொரு படிவத்தை உருவினார். அன்று முழுக்க மாமியார் என்னோடு பேசவில்லை. வாசல், கார்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு அடுப்பை வைத்தா குடும்பத்தைப் பிரிப்பார்கள்?

சாக்பீஸ்:
அடுப்பை வைத்து இல்லை, சாப்பாட்டை வைத்து. வீட்டில் நான்கு அடுப்பு எரியட்டும், உலை பொதுவென்றால் ஒரே குடும்பம். ரேஷன் கார்டுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. ரத்த உறவுகூட வேண்டாம், அறை எடுத்துச் சேர்ந்து சமைக்கும் பையன்களும் ஒரு குடும்பம், வீட்டோடு தங்கிச் சாப்பிடும் வேலைக்கார அம்மாவும் உங்கள் குடும்பத்துக் கணக்கில்தான் வருவார். ஹாஸ்டல், ஜெயில், ஆசிரமம் என்றால் நிறுவனக் குடும்பம், அது வேறு. நானும் அப்போது கணக்கெடுக்கப் போனவன்தான், இதெல்லாம் பயிற்சியில் சொன்னார்கள், மண்டையில் ஏறவில்லை. பிப்ரவரி 28 ராத்திரி வீடில்லாதவர்களை எண்ணப் போனபோதுதான் ஏறியது. பாலத்தடியில் மூன்று கல், பக்கத்தில் ஒரு அம்மா. நான் விளக்க ஆரம்பிக்குமுன் “நாலு பேரு சார், பானை ஒண்ணு” என்றார். அந்த அளவுக்குத் தெளிவாக ஒரு மாடிவீட்டிலும் எனக்குப் பதில் வரவில்லை.

கன்றுக்குட்டி:
பானை சரி சார், உங்கள் ஆட்கள் வேலையை எண்ணும் லட்சணத்தைப் பேசுவோம். வந்தவர் எங்கள் அம்மாவைப் பார்த்து “வீட்டு வேலைதானே?” என்று அவரே கேட்டு அவரே எழுதிக்கொண்டார். அம்மா சாணிக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே “நான் சும்மாதான் இருக்கேன், எழுதிக்கங்க” என்றார். பின்னால் இரண்டு மாடு கத்திக்கொண்டிருந்தது. வீட்டுக்கு மட்டும் பால் கறந்தாலும் உழைப்பவர்தான் என்று 2001 கணக்கெடுப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வருடத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ செய்தால் முதன்மை உழைப்பாளர், குறைந்தால் குறுகிய கால உழைப்பாளர். வீட்டுக்குச் சோறு மட்டும் பொங்கினால் உழைப்பவர் கணக்கிலேயே இல்லை, அது தனி அநியாயம். ஆனால் மாட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே?

சாக்பீஸ்:
சும்மா இருக்கிறேன் என்று அவர் வாயாலேயே சொன்னால் நாங்கள் என்ன செய்ய? ஒரு தெரு முழுக்க மத்தியானத்துக்குள் முடிக்கணும்.

கன்றுக்குட்டி:
அதைத்தான் சொல்கிறேன்.

அரபிக்கடல் தாண்டி:
என் கதை சின்னது. அண்ணன் துபாயில், அவன் பெயரையும் எழுதச் சொல்லி அம்மா ஒரே பிடிவாதம். பிப்ரவரி 9 முதல் 28 வரை ஒரு நாளாவது இங்கே தங்கியிருக்கணும், இல்லை அதற்குள் திரும்பி வரணும் என்றார் வந்தவர். “அவன் தட்டு இங்கதானே இருக்கு” என்று அம்மா அதை எடுத்தே காட்டிவிட்டார். எழுதவில்லை.
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 2021ல் நடக்க வேண்டியது தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாக அறிவித்திருக்கிறார்கள், இந்த முறை சாதியும் கேட்பார்கள். குடும்பத் தலைவர் யார் என்பதை வீட்டுக்குள் முன்னாலேயே பேசி வையுங்கள், நீங்கள் யாரைச் சொல்கிறீர்களோ அவர்தான், அது பாட்டியாகவும் இருக்கலாம். ஹாஸ்டலில் படிக்கும் பிள்ளையை வீட்டிலும் சேர்த்தால் இரண்டு தடவை எண்ணப்படுவான். எழுதப் படிக்க, புரிந்துகொள்ள ஒரு மொழி தெரிந்தால் போதும், பள்ளிக்கூடமே போகாத தாத்தாவும் எழுத்தறிவு பெற்றவர்தான், கைநாட்டு என்று நீங்களே தள்ளிவிடாதீர்கள். சொன்னதைக் கோர்ட்டில் சாட்சியமாகக் கொண்டுவர 1948ஆம் வருடத்துக் கணக்கெடுப்புச் சட்டமே விடாது, அதனால் தனிச் சமையலை மறைக்கவும் வேண்டாம். மாடு இருந்தால் அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.