கீபோர்டும் டச்பேடும் சேர்ந்தே நின்றுபோகின்றன. கல்லூரியில் சரி, வீட்டில் மட்டும்தான் பிரச்சினை

வைகைக்கரை:
வணக்கம். என்னிடம் இருப்பது டூ-இன்-ஒன் லேப்டாப். திரையை முழுக்கப் பின்னால் மடித்து டேப்லெட் போல வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 11. இந்த மாதத் தொடக்கத்திலிருந்து கீபோர்டும் டச்பேடும் ஒரே நொடியில் நின்றுபோகின்றன. ஒன்று மட்டும் போவதே இல்லை. பவர் பட்டன், டச் ஸ்கிரீன் இரண்டும் வேலை செய்கின்றன. யுஎஸ்பி மவுஸ் செருகினால் அதுவும் ஓடுகிறது.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். கல்லூரியில் துறை மேசையில் வைத்தால் ஒரு குறையும் இல்லை. மாலையில் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தால் போச்சு. சர்வீஸ் கடையில் கொடுத்துப் பார்த்தேன். அங்கேயும் நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. ஆனாலும் கீபோர்டை மாற்றிவிடலாம், மேல் பாகத்தோடு சேர்த்துத்தான் வரும், 7,500 ரூபாய் ஆகும் என்கிறார்கள். ஆய்வேட்டில் மூன்றாம் இயல் பாதியில் நிற்கிறது. தமிழ்99 விசைப்பலகை முறையில் வேகமாக அடித்துப் பழகிவிட்டு, திரையில் வரும் கீபோர்டைத் தொட்டுத் தொட்டு அடிக்க முடியவில்லை. இந்தச் செலவைச் செய்யலாமா?

கோவை_நெட்:
டிவைஸ் மேனேஜரைத் திறந்து கீபோர்டு, டச்பேடு இரண்டையும் அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் தானே திரும்பப் போட்டுக்கொள்ளும். எனக்கு ஒரு அப்டேட்டுக்குப் பிறகு இப்படி ஆகி, அதில்தான் சரியானது.

பழுதுபார்ப்பவன்:
மேடம், பணம் கொடுக்காதீர்கள். கடையில் வைத்துப் பார்க்கும்போது வராத பழுதுக்கு உதிரிபாகம் மாற்றுவது தவறு. சென்னை ரிச்சி தெருப் பக்கம் பல வருடமாக லேப்டாப் பார்க்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

கீபோர்டும் டச்பேடும் ஒன்றாகப் போனால் இரண்டு பொருள் ஒரே நாளில் கெட்டுவிட்டது என்று நினைக்கக் கூடாது. இரண்டுக்கும் பொதுவானது எது என்றுதான் தேட வேண்டும். விண்டோஸ் லேப்டாப்பில் கீபோர்டு நேராகப் பிராசஸருக்குப் போகாது. எம்பெடட் கன்ட்ரோலர் என்று ஒரு சின்ன சிப் விசைகளைப் படித்து, பெரும்பாலும் பிஎஸ்/2 முறையில்தான் இன்றும் அனுப்புகிறது. 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த அதே முறை. புது மாடல்களில் டச்பேடு ஐ2சி என்ற வேறு பாதையில் போகும். பாதையே வேறாக இருக்கும்போது இரண்டும் ஒரே நொடியில் நின்று, இடம் மாறினால் ஒன்றாகத் திரும்பி வருகின்றன என்றால், கீபோர்டு கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. இரண்டையும் நிறுத்தச் சொல்லி எங்கிருந்தோ உத்தரவு போகிறது.

உங்கள் மாடலில் அந்த உத்தரவு உண்டு. திரை 180 டிகிரியைத் தாண்டி மடிந்தால் கீபோர்டும் டச்பேடும் அணைந்துவிடும். டேப்லெட்டாகப் பிடிக்கும்போது பின்பக்கம் விரல் பட்டு எழுத்து விழக் கூடாதே, அதற்காக. சரி, எனக்கு மூன்று தகவல் வேண்டும். வீட்டில் லேப்டாப்பை எதன் மேல் வைக்கிறீர்கள்? கீபோர்டு நிற்கும்போது எழுதும் இடத்தைத் தொட்டால் திரை கீபோர்டு தானாக வருகிறதா? அப்போது செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய், திரை சுழலாமல் பூட்டும் ரொட்டேஷன் லாக்கைப் பாருங்கள். சாதாரணமாக மங்கலாக, தொட முடியாதபடி இருக்கும். இப்போது தொட முடிகிறதா?

கோவை_நெட் சொன்ன அன்இன்ஸ்டால், டிரைவரை (அந்தப் பாகத்தை இயக்கும் மென்பொருளை) திரும்பப் போடும் வேலை. அதைக் கொஞ்சம் பொறுத்துச் செய்யலாம். டிரைவர் கெட்டிருந்தால் கல்லூரியிலும் கெட்டுத்தான் இருக்கும்.

வைகைக்கரை:
அண்ணா, திரை கீபோர்டு தானாகத்தான் வருகிறது. ரொட்டேஷன் லாக்கையும் தொட முடிகிறது. வீட்டு மேசை தாழ்வு, கழுத்து வலிக்கிறது. அதனால் தம்பியின் பழைய லேப்டாப்பை மூடி, அதன் மேல் என்னுடையதை வைத்துக்கொள்கிறேன். அவன் புதியது வாங்கியதிலிருந்து அது சும்மாதான் கிடக்கிறது.

பழுதுபார்ப்பவன்:
அப்படியானால் உங்கள் லேப்டாப் டேப்லெட் நிலைக்குப் போயிருக்கிறது. அடியில் இருக்கும் பழைய லேப்டாப்தான் காரணமாக இருக்க வேண்டும். மூடினால் லேப்டாப் தூங்க வேண்டும் என்பதற்காக மூடியின் ஓரத்தில் காந்தம் வைப்பார்கள். எதிர்ப்பக்கம் இருக்கும் ஹால் சென்சார் அதை உணரும். 1879இல் எட்வின் ஹால் கண்டுபிடித்த விளைவு, இன்று ஒரு அரிசி மணி அளவு சிப்பில் அடங்கிவிட்டது. பல டூ-இன்-ஒன் மாடல்களில், திரை பின்னால் முழுக்க மடிந்ததையும் இதே போலக் காந்தம், சென்சார் வழியாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள். தம்பியின் லேப்டாப் மூடியில் உள்ள காந்தம் உங்களுடையதன் அடிப்பகுதிக்கு நேராக வந்தால், உங்கள் லேப்டாப் தன் திரைதான் பின்னால் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும்.

சோதிப்பது எளிது. கீபோர்டு நின்றிருக்கும்போதே லேப்டாப்பை மெல்லத் தூக்கி வெறும் மேசையில் வையுங்கள். ரீஸ்டார்ட் வேண்டாம். அப்புறம் ஒரு தையல் ஊசியைப் பழைய லேப்டாப்பின் மூடி ஓரமாக நகர்த்திப் பாருங்கள், காந்தம் இருக்கும் இடத்தில் ஒட்டும்.

இன்னொன்று. பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரையில்) கீபோர்டு வேலை செய்தால் விண்டோஸ் கோளாறு, அங்கேயும் செய்யாவிட்டால் கீபோர்டு போச்சு என்று பலரும் சொல்வார்கள். நல்ல சோதனைதான், நானும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். ஆனால் சில டூ-இன்-ஒன் மாடல்களில் கீபோர்டை நிறுத்துவது அந்தக் கன்ட்ரோலரே. அப்போது பயாஸிலும் விசை எடுக்காது. அதை மட்டும் வைத்து ஸ்குரூவைக் கழற்றக் கூடாது.

வைகைக்கரை:
தூக்கியவுடன் வந்துவிட்டது அண்ணா! மறுபடி மேலே வைத்தால் நிற்கிறது. ஊசி மூடியின் இடது ஓரத்தில் ஒட்டியது. மிக்க நன்றி. இந்தக் காந்தத்தால் என் லேப்டாப்புக்கு ஏதாவது கெட்டிருக்குமா? உள்ளே கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி இருக்கிறது.

பேட்டரிக்காரர்:
நல்ல செய்தி. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எந்த லேப்டாப்பிலும் டச்பேடு அமுங்காமல் இறுகி, அந்த இடம் கொஞ்சம் மேடாகத் தெரிந்தால், அல்லது தட்டையான மேசையில் லேப்டாப் ஆடினால், உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே சார்ஜரைப் பிடுங்கி, அணைத்துவிடுங்கள். டச்பேடை அழுத்திச் சமப்படுத்தப் பார்க்காதீர்கள். லித்தியம் பேட்டரியில் ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும். குப்பையிலும் போடக் கூடாது, மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள்.

பழுதுபார்ப்பவன்:
இவர் சொன்னதைக் கட்டாயம் கேளுங்கள். மேடம், உங்கள் சென்சாருக்கும் எஸ்எஸ்டிக்கும் ஒன்றும் ஆகியிருக்காது, எஸ்எஸ்டி காந்தத்தில் பதிவு செய்யும் பொருளே அல்ல. உயரத்துக்கு ஒரு மரப்பலகையோ கெட்டி அட்டைப் புத்தகங்களோ வையுங்கள். அடியில் காற்று போகும் துளைகள் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காந்தத்தின் பிடி தூரம் கூடக்கூட வேகமாகக் குறையும், ஆகவே பழைய லேப்டாப் பக்கத்தில் சும்மா கிடந்தால் பரவாயில்லை. காந்த மூடி வைத்த போன் கவர், காந்தக் கொக்கி உள்ள வாட்ச் பட்டை, இயர்பட்ஸ் டப்பா இவற்றையும் லேப்டாப்பின் மேலோ அடியிலோ வைக்காதீர்கள். அந்தக் கடையில் இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால், வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள்.