மழைக்காட்டின் ஓரத்தில் ஒரு மருத்துவகம்

கேள்வி: யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த கினாரி வெப், இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தானில், குனுங் பாலுங் தேசியப் பூங்காவை ஒட்டி 2007-இல் அங்குள்ள தயாக் பழங்குடியினருக்காக ஒரு மருத்துவகம் திறந்ததாகப் படித்தேன். நோய்க்கு மருந்து கொடுத்தால் மரம் வெட்டுவது எப்படிக் குறையும்?

பதில் 1: அவர் 1993-இல் ஒராங்குட்டான் ஆய்வுக்காக அங்கே சென்றவர். வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால், மருத்துவச் செலவுக்காக மரத்தை வெட்டி விற்பதைத் தவிர வேறு வழியில்லாத குடும்பங்களை அப்போது கண்டிருக்கிறார். பின்னர் மருத்துவராகித் திரும்பியபோது, காட்டைக் காக்க என்ன வேண்டும் என்று ஊர் ஊராகக் கேட்டார்; கட்டுப்படியாகும் மருத்துவமும் இயற்கை வேளாண்மைப் பயிற்சியும் வேண்டும் என்றே மக்கள் கூறினர்.

பதில் 2: எனக்குப் பிடித்தது கட்டண முறைதான். கையில் காசில்லாதவர் மரக்கன்றுகளையோ, எருவையோ, பின்னிய பாயையோ கொடுத்துக் கணக்கைத் தீர்க்கலாம். அந்தக் கன்றுகள் காட்டை மீட்கும் பணிக்கே போகின்றன. மரம் வெட்டுவதைக் கைவிட்ட ஊர்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு.

பதில் 3: 2020-இல் வெளியான ஆய்வு, பத்தாண்டுகளில் அங்கே காடழிப்பு ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியது. ஒரு திருத்தம்: பயன்பெறுவோர் தயாக் பழங்குடியினர் மட்டுமல்லர், மலாய் மக்களும்தான்.