உள்ஓரம் மட்டும் தேய்கிற டயர்

அக்கா: 📷 படம்
அக்கா: எல்லோரும் இந்தப் படத்தைப் பாருங்கள். முன் இடது டயர். வெளியே நின்று பார்த்தால் புதுசு மாதிரி இருக்கிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிட்டு உள்பக்கம் பார்த்தால் பட்டனே இல்லை, வழுக்கை.
அக்கா: ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பந்தயம் விடுவார். மற்ற ஆறு நாளும் இதே வண்டியில் மழையில் ஆபீஸ் போவது நான்.

தம்பி: பந்தயம் இல்லை அக்கா, ஆட்டோகிராஸ். மைதானத்தில் கூம்பு வைத்திருப்பார்கள், ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடும்.

அப்பா: பெயர் எதுவானால் என்ன, டயர் போனது போனதுதானே.

தம்பி: நெகட்டிவ் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பக்கத்தை உள்ளே சாய்த்து வைத்தால் உள்ஓரம் கொஞ்சம் தேயத்தான் செய்யும் அப்பா. எல்லோருக்கும் அப்படித்தான்.

அக்கா: அப்படியானால் அந்தக் கேம்பரை எடுத்துவிடு.

மாமா: இரும்மா, அவசரப்படாதே. தேய்ந்த இடத்தை உள்ளங்கையால் குறுக்கே தடவிப் பார். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப்பல் மாதிரியும் இருக்கிறதா?

அக்கா: பொறுங்கள் மாமா, கீழே போய்ப் பார்க்கிறேன்.

சித்தி: யாருக்கு என்ன ஆச்சு? வண்டி இடித்துவிட்டதா?

அப்பா: ஒன்றும் இல்லை, டயர் பஞ்சாயத்து.

அக்கா: மாமா, உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தடவினால் வழுக்கிக்கொண்டு போகிறது. வெளியிலிருந்து உள்நோக்கி இழுத்தால் குத்துகிறது.

மாமா: அது டோ-அவுட். இரண்டு முன்சக்கரமும் மூக்கை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு ஓடியிருக்கின்றன. கேம்பர் மட்டும் என்றால் உள்ஓரம் சீராகச் சரிந்து தேயும், இப்படிப் பல் பிடிக்காது. தம்பி, சக்கரக் கோணங்களை அளந்து கொடுத்த அலைன்மென்ட் தாள் இருக்கிறதா?

தம்பி: 📷 படம்

மாமா: கேம்பர் இடது -2.0, வலது -1.9. அது பரவாயில்லை. டோ, அதாவது சக்கரத்தின் மூக்கு உள்ளேயோ வெளியேயோ திரும்பிய அளவு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் -0.15 டிகிரி. 16 அங்குல ரிம்மில் அது பக்கத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ., மொத்தம் 2 மி.மீ. வெளியே. இதைக் கடைக்காரர் தானாக வைத்தாரா?

தம்பி: இல்லை மாமா, நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன். டோ-அவுட் இருந்தால் வளைவில் நுழையும்போது மூக்கு சட்டென்று திரும்பும்.

அக்கா: ஓ! கேட்டு வாங்கி வைத்ததா!!

மாமா: அவன் சொல்வது பொய் இல்லைம்மா. உள்சக்கரம் ஏற்கெனவே வளைவைப் பார்த்துத் திரும்பி இருப்பதால் ஸ்டியரிங் தொட்டவுடன் வேலை ஆரம்பித்துவிடும். கூம்பு சுற்ற அது நல்லதுதான். ஆனால் கணக்குப் பார். 0.15 டிகிரி திரும்பிய சக்கரம் நேர்ரோட்டில் 1 கி.மீ. உருண்டால் பக்கவாட்டில் 2.6 மீட்டர் உரசியிருக்கும். மைதானத்தில் ஒரு சுற்று ஒரு நிமிடம்கூட இருக்காது. நீ ஆபீஸ் போகிற தூரம் முழுக்க அது ரப்பரைச் சீவிக்கொண்டே வருகிறது. கேம்பர் எடையை உள்ஓரத்தில் கொண்டுபோய் வைக்கிறது, டோ அந்த ஓரத்தையே உரசுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் இந்தப் படம்.

அப்பா: மச்சான், எதற்கு இந்த வம்பு? கம்பெனி அளவுக்கே திருப்பி வைத்துவிட்டால் என்ன?

மாமா: வைக்கலாம் அத்தான். அப்புறம் வெளிஓரம் போகும். இவனுடைய பழைய செட் டயர் ஞாபகம் இருக்கிறதா?

தம்பி: 📷 படம்
தம்பி: இதுதான். பக்கச்சுவரில் இருக்கும் சின்ன முக்கோணக் குறியைத் தாண்டி உரசியிருக்கிறது பாருங்கள். அப்போது கம்பெனி அலைன்மென்ட்தான்.

மாமா: அதேதான். வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும். ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) வைத்த முன்பக்கத்தில் அந்தச் சாய்வில் பெரும்பங்கு சக்கரத்துக்கும் வந்து சேரும். அதனால் எல்லா எடையும் வாங்குகிற வெளிச்சக்கரம் தன் தோளில், அதாவது டயரின் வெளிஓரத்தில், நின்றுதான் திரும்புகிறது. முன்கூட்டியே மேல்பக்கத்தை உள்ளே சாய்த்து வைத்தால், சாய்ந்த பிறகு டயர் தரையில் அகலமாகப் பதியும். இதுதான் நெகட்டிவ் கேம்பர். பந்தயத்துக்கு மட்டும் வைத்திருக்கிற வண்டியில் -3 வரைக்கும்கூடப் போவார்கள். தினமும் ஓடுகிற வண்டிக்கு -1.5 முதல் -2 வரை போதும் என்பது என் கருத்து. அதற்கு மேல் போனால் நேராகப் போகும்போது பதிகிற பரப்பு குறையும், ஈரத்தில் பிரேக் போடும்போது தெரியும்.

அக்கா: பிரேக் சரி. ஆனால் இப்போது நேராகப் போகவே மாட்டேன் என்கிறது. ரோட்டில் பள்ளக்கோடு இருந்தால் அது பின்னாலேயே ஓடுகிறது. கையை லேசாக விட்டால் வலது பக்கம் இழுக்கிறது.

மாமா: அலைபாய்வது டோ-அவுட்டின் குணம். வலது பக்கம் இழுப்பது வேறு விஷயம். எந்தப் பக்கம் நெகட்டிவ் குறைவோ அந்தப் பக்கம் இழுக்கும். தாளில் வித்தியாசம் 0.1தான், அதற்கு இழுக்காது. அரை டிகிரி ஆனால் இழுக்கும். தம்பி, சமீபத்தில் பெரிய பள்ளத்தில் விழுந்ததா?

தம்பி: நான் ஓட்டும்போது இல்லை.

அக்கா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அப்பா: 😄

அக்கா: ஒரு பள்ளம்தான். வலது சக்கரம். தண்ணீர் நின்றது, ஆழம் தெரியவில்லை.

மாமா: அப்படியானால் வலது பக்கம் கேம்பரை மாற்றுவதற்கான கேம்பர் போல்ட் வழுக்கியிருக்க வாய்ப்பு உண்டு. அந்த வகை போல்ட் சாதாரண போல்ட்டைவிட மெலிந்தது, சரியான டார்க்கில் (இறுக்கும் விசையில்) இறுக்காவிட்டால் ஓர் அடியில் நகர்ந்துவிடும். முதலில் ரிம் வளைந்திருக்கிறதா, சக்கரத்தைத் தாங்குகிற பால் ஜாயின்ட், புஷ் (ரப்பர் மூட்டு) ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடுகிற புஷ்ஷை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் பண்ணுவது வீண்.

தம்பி: சரி மாமா, எல்லாம் பார்த்துவிட்டு எந்த அளவு சொல்லட்டும்?

மாமா: முன் கேம்பர் இரண்டு பக்கமும் -1.8. டோ சுழி (0), அதாவது இரண்டு சக்கரமும் நேராக. காஸ்டர் (ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்த கோணம்) அட்ஜஸ்ட்மென்ட் இருந்தால் அதைக் கூடுதலாகக் கேள். ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும், ஆனால் திருப்பும்போது வெளிச்சக்கரத்துக்குத் தானாகவே நெகட்டிவ் கேம்பர் கூடும். நேர்ரோட்டில் டயரையும் தின்னாது. கேம்பரை முடித்துவிட்டுத்தான் டோ. கேம்பர் போல்ட்டைத் தொட்டாலே டோ மாறிவிடும்.

தம்பி: பின்னால்?

மாமா: உன் வண்டியில் பின்பக்கம் டார்ஷன் பீம், இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற ஒரே தண்டு. திருப்ப ஒன்றும் இல்லை. அளந்து மட்டும் பார்த்துக்கொள், டோ-அவுட் இல்லாமல் இருந்தால் போதும். பின்னால் டோ-அவுட் இருந்தால் வேகத்தில் வால் சுற்றும்.

மாமா: அப்புறம் இன்னொன்று. வண்டியை அலைன்மென்ட் மேடையில் ஏற்றுவதற்கு முன் காற்று சரிபார், டேங்க் பாதி இருக்கட்டும், டிரைவர் சீட்டில் ஓட்டுபவர் எடை இருக்க வேண்டும். ஆள் ஏறினாலே ஸ்பிரிங் இறங்கி அளவு கொஞ்சம் மாறும்.

அக்கா: யாருடைய எடை? ஆறு நாள் நான், ஒரு நாள் அவன்.

அப்பா: நான் வந்து உட்காருகிறேன். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கணக்கு வரும்.

சித்தி: 🤣🤣

தம்பி: மாமா, டோ சுழி என்றால் மைதானத்தில் மந்தமாக இருக்காதா? வெப்பமானி வாங்கி டயர் சூட்டைப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

மாமா: நீளமான டிராக் என்றால் ரப்பருக்குள் குத்திப் பார்க்கிற ஊசி வகை உதவும். உள்ஓரம் வெளிஓரத்தைவிட 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் அதிகம் என்றால் கேம்பர் ஏறக்குறைய சரி. உன் ஒரு நிமிட ஓட்டத்தில் சூடே முழுசாக ஏறாது. டயர் தோளில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு ஓட்டு. எதுவரை அழிந்தது என்று பார். முக்கோணத்தைத் தாண்டினால் முதலில் காற்றைக் கூட்டு, அதற்குப் பிறகுதான் கேம்பரைப் பற்றி யோசி.

மாமா: டோ-அவுட் இல்லாமல் முடியாது என்றால் அங்கேயே வைத்துக்கொள். டை ராடில் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற கம்பியில்) பெயின்ட் கோடு போடு. எவ்வளவு திருப்பினால் 1 மி.மீ. வருகிறது என்று வீட்டில் நூல் கட்டி ஒருமுறை அளந்து குறித்து வை. இரண்டு பக்கமும் ஒரே அளவு திருப்பினால் ஸ்டியரிங் கோணாது. முடிந்ததும் கோட்டுக்குத் திருப்பிவிடு.

அக்கா: மைதானத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே. வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் கிடையாது.

தம்பி: சரி அக்கா.

அக்கா: இரண்டு கோடும் நேராக இருக்கிற படம் இந்தக் குழுவில் வர வேண்டும்.

தம்பி: அனுப்புகிறேன். முன்னால் இரண்டு டயர் மாற்றிவிட்டுத்தானே அலைன்மென்ட்?

மாமா: ஆமாம், டயர் முதலில். டை ராட் நகராமல் பிடிக்கிற லாக் நட் இறுக்கியிருப்பதும் அந்தப் படத்தில் தெரியட்டும்.