புதுப்பிப்பு: கை நடுக்கத்துக்குக் காரணம் தெரிந்தது, தைராய்டு

கப்பைத் தூக்கும்போதும் கையெழுத்துப் போடும்போதும் இரண்டு கையும் நடுங்குகிறது, பார்க்கின்சன் என்ற மூளை நரம்பு நோயாக இருக்குமோ என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "எடை குறைகிறதா, படபடப்பு இருக்கிறதா, அப்படியென்றால் முதலில் ரத்தத்தில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பாருங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார், அதுதான் சரி. டிஎஸ்எச் மிகக் குறைவு, டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) அதிகம், அதாவது தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது.

பார்க்கின்சன் விஷயத்துக்கு வருகிறேன், பலருக்கும் அந்தப் பயம்தான். மருத்துவர் கையை மடியில் வைக்கச் சொல்லிப் பார்த்தார், அப்புறம் நீட்டச் சொன்னார். பார்க்கின்சனில் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போதுதான் நடுங்குமாம், அதுவும் ஒரு பக்கமாகத் தொடங்கும். எனக்கு நேர்மாறு. ஆனால் பலருக்குப் பரம்பரையாக வரும் எசென்ஷியல் ட்ரெமர் என்ற நடுக்க நோயிலும் கை வேலை செய்யும்போதுதான் நடுங்கும் என்பதால், ரத்தப் பரிசோதனை பார்க்காமல் எதையும் முடிவு செய்ய முடியாது என்றார்.

நான் எதிர்பார்க்காதது இன்ஹேலர். ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சால்புட்டமாலும் கையை நடுங்க வைக்கும், எனக்கு அதுவும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. நடுக்கத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் புரோப்ரனலாலை ஆஸ்துமாக்காரர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள், மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும் (யாரோ கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொள்ளாதீர்கள்). காபியைக் குறைத்ததில் ஓரளவுதான் பலன்.

தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்களில் நடுக்கம் நன்றாகக் குறைந்துவிட்டது. அந்த மாத்திரை எடுக்கும்போது தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால் உடனே வெள்ளணுக்களைப் பரிசோதிக்க வேண்டுமாம்.