பிள்ளைக்கு முழங்கை உடைந்தால் முதலில் விரலைப் பாருங்கள்

எலும்பு மருத்துவர், விபத்துப் பிரிவு:

கோடை விடுமுறை விட்டதும் முழங்கைக்குச் சற்று மேலே உடைந்த கையோடு பிள்ளைகள் வரத் தொடங்கிவிடுகிறார்கள். ஊஞ்சல், கொய்யா மரம், மாடிப்படிக் கைப்பிடி, சில சமயம் வெறும் கட்டில். வயது பெரும்பாலும் 5 முதல் 7. விழும்போது கையை ஊன்றுவதில்தான் வருகிறது. மேற்கை எலும்பு முழங்கை அருகே தட்டையாக விரியும். அதன் முன்னும் பின்னும் இரண்டு குழிகள். நடுவில் எலும்பு அப்பளம் மாதிரி மெலிந்து கிடக்கும். ஊன்றிய கை விறைத்து நிமிரும்போது முழங்கை முனை எலும்பு பின்குழிக்குள் நெம்ப, அந்த இடத்தில் ஒடிகிறது. கீழ்த்துண்டு பின்னால் போய்விடும், மேல்துண்டின் கூர்முனை முன்னால் துருத்தும். கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அந்த முனைக்கு நேர் முன்னால்தான் ஓடுகிறது.

அதனால் எலும்பை விட விரல்தான் முதல் கவலை. விரல் சிவந்து சூடாக இருக்கிறதா? நகத்தை அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் நிறம் திரும்புகிறதா? அடிபடாத கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு மூன்று வேலை செய்யச் சொல்லுங்கள்: கட்டைவிரலை மேலே தூக்குவது, விரல்களை விரித்துச் சேர்ப்பது, கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் தொட்டு வட்டம் போடுவது. வட்டம் சப்பையாகி, நுனிக்குப் பதில் விரலின் தட்டையான பக்கங்கள் ஒட்டினால், முன்கை ஆழத்தில் ஓடும் நரம்புக் கிளை அடிபட்டிருக்கிறது. இந்த முறிவில் அதிகம் அடிபடுவது அதுதான். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகத் திரும்பிவிடும்; ஆனால் சிகிச்சைக்கு முன்பே கவனித்து எழுதி வைத்தாக வேண்டும்.

நாடி கிடைக்காமல் கை மட்டும் சிவந்து சூடாக இருந்தால், முழங்கையைச் சுற்றியுள்ள கிளைக்குழாய்கள் ரத்தம் கொடுக்கின்றன என்று பொருள். எலும்பை நேராக்கிக் கம்பி போட்டதும் பல பிள்ளைகளுக்கு நாடி வந்துவிடும். கை வெளுத்துக் குளிர்ந்திருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

மாவுக்கட்டு போடுபவர்:

வீட்டிலிருந்து கொண்டு வரும்போது நடக்கும் தவறு ஒன்று. கையை நன்றாக மடக்கி, நெஞ்சோடு இறுக்கிக் கட்டி வருகிறார்கள். வீங்கிய முழங்கையை 90 பாகைக்கு மேல் மடக்கினால் ரத்தக்குழாய் மடிப்பில் நசுங்கும். கொஞ்சமே மடங்கிய நிலையில், ஏறத்தாழ 30 பாகையில், அட்டையோ மடித்த செய்தித்தாளோ அணையாக வைத்துத் துண்டால் தளர்வாகக் கட்டினால் போதும். வளையல், கயிறு, காப்பு எல்லாவற்றையும் உடனே கழற்றிவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து அவை கழலாது.

எக்ஸ்ரே எடுப்பவர்:

படத்தைப் பார்த்து "நாலஞ்சு துண்டா உடைஞ்சிருக்கே" என்று தாய்மார் பதறுவார்கள். பிள்ளைகளின் முழங்கையில் ஆறு இடங்களில் எலும்பு தனித்தனிப் புள்ளியாகத் தோன்றும்; சுமாராக 1, 3, 5, 7, 9, 11 வயதில் ஒவ்வொன்றாக வரும், பெண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் முன்னதாகவே. இடையில் தெரியும் இடைவெளி குருத்தெலும்பு, முறிவு இல்லை. சந்தேகம் வந்தால் மறு கையையும் எடுத்து ஒப்பிடுகிறோம்.

வார்டு செவிலியர்:

டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நாடி இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. முன்கைத் தசைகள் இறுக்கமான உறைக்குள் இருக்கின்றன. உள்ளே வீங்கினால் முதலில் அடைபடுவது நுண்குழாய்கள்; நாடி கடைசி வரை துடித்துக்கொண்டிருக்கும். ரத்தம் கிடைக்காமல் ஏறத்தாழ 6 மணி நேரம் கடந்தால் தசை இறக்கத் தொடங்கும்.

வார்டில் இதை வலியை வைத்துத்தான் பிடிக்கிறோம். எலும்பைப் பொருத்திக் கட்டிய பிறகு வலி குறைய வேண்டும். மருந்து கொடுத்தும் அழுகை கூடினால், அரை மணிக்கொரு தரம் மருந்து கேட்டால், படுக்கையில் நிலைகொள்ளாமல் புரண்டால் சந்தேகப்பட வேண்டும். மடங்கிக் கிடக்கும் விரலை மெதுவாக நிமிர்த்தும்போது முன்கையில் சுரீர் என்று இழுத்து வீறிட்டால் உடனே டாக்டரைக் கூப்பிடுகிறோம். இறுக்கம் தளர மாவுக்கட்டை வெட்டும்போது அதோடு நிறுத்தாமல், உள்ளே சுற்றிய பஞ்சையும் தோல் தெரியும் வரை வெட்ட வேண்டும். ரத்தம் ஊறிக் காய்ந்த பஞ்சும் இறுக்கும். கையை இதய மட்டத்தில் வையுங்கள்; மேலே தூக்கிக் கட்டினால் ரத்தம் இன்னும் குறையும். அப்படியும் தணியாவிட்டால் தசையுறையை நீளமாகத் திறந்துவிடுவார்கள். தழும்பு பெரிதாக இருக்கும், ஆனால் கை மிஞ்சும்.

பிசியோதெரபிஸ்ட்:

கை மிஞ்சாமல் போனதையும் எழுதுகிறேன். விழுந்த அன்றே நாட்டுக்கட்டு போட்டு, மூன்றாம் நாள் எங்களிடம் வரும் கைகள் உண்டு. முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்த துணிச்சுற்று, மேலே மூங்கில் தப்பை, அதன் மேல் நூல். காய்ந்ததும் அது கல்லாகிவிடும். கை மட்டும் ஒன்றிரண்டு நாள் வரை வீங்கிக்கொண்டே போகும். பிரித்தால் தப்பை பதிந்த தடம் வரிவரியாக, இடையிடையே நீர்க்கொப்புளம். விரல்கள் நீலம் பாய்ந்து விறைத்திருக்கும். "நேத்துவரைக்கும் அழுதான், இப்ப அழல" என்று பெற்றோர் ஆறுதலாகச் சொல்வார்கள். அழுகை நின்றது நரம்பும் செத்ததால்.

ஜெர்மன் அறுவை மருத்துவர் ரிச்சர்ட் வோல்க்மன் 1881-லேயே இந்தக் கையை விவரித்து, இறுக்கமான கட்டைக் காரணமாகச் சொன்னார். ஆழத்தில் விரலை மடக்கும் தசைகள் செத்து, நாராகிச் சுருங்கிவிடும். மணிக்கட்டைக் கீழே மடக்கினால் விரல்கள் திறக்கும். நிமிர்த்தினால் விரல்கள் தாமாகச் சுருண்டு நகம் உள்ளங்கையில் குத்தும். மாதக்கணக்கில் அணைப்பட்டை போட்டும், தசையை இறக்கித் தைத்தும் ஓரளவு திறக்கலாம். பழைய கை பெரும்பாலும் திரும்புவதில்லை. இப்படிக் கை போன பிள்ளைக்கு முதலில் வந்தது எலும்பு முறிவு மட்டும்தான் என்று நினைக்கும்போது மனம் ஆறுவதில்லை.

எலும்பு மருத்துவர், விபத்துப் பிரிவு:

நாட்டுக்கட்டில் எத்தனையோ பேருக்குச் சரியானதே என்று பெற்றோர் கேட்பதற்கு நியாயமான பதில் உண்டு. இரண்டு மூன்று வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் முன்கையிலுள்ள ஆரை எலும்பின் தலை அதன் வளையத் தசைநாரிலிருந்து நழுவும். வீக்கம் இருக்காது, பிள்ளை கையைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். முன்கையைத் திருப்பினால் ஒரு 'க்ளிக்', சிறிது நேரத்தில் மிட்டாயை எட்டி வாங்கும். நாட்டு வைத்தியர் இதைச் செய்தாலும் சரியாகும். துண்டுகள் இடம் விலகாத முறிவு எந்தக் கட்டிலும் கூடும். விலகிய முறிவுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

விலகாததற்குச் சுமார் 3 வாரம் மாவுக்கட்டு. முழுதாக விலகியதை மயக்கத்தில் நேராக்கி, தோல் வழியாகவே இரண்டு அல்லது மூன்று கம்பிகள் போட்டு, 3-4 வாரத்தில் உருவிவிடுகிறோம். உள்பக்கமிருந்து போடும் கம்பி சுண்டுவிரல் பக்க நரம்பைத் தொடக்கூடும் என்பதால் வெளிப்பக்கமே பலரின் தேர்வு. "வளர வளர நேராகிவிடும்" என்று கோணலை விட்டுவிடக் கூடாது. மேற்கை எலும்பின் வளர்ச்சியில் சுமார் 80 சதவீதம் தோள் பக்கம். முழங்கைப் பக்கம் 20 தான். உள்பக்கம் சாய்ந்து கூடிய முழங்கை அப்படியே நின்றுவிடும்.

பிசியோதெரபிஸ்ட்:

கட்டுப் பிரித்த பிறகு எண்ணெய் போட்டு உருவுவது அடுத்த ஆபத்து. அடிபட்ட முன்பக்கத் தசையைக் கசக்கினாலும், விறைத்த மூட்டை வலுவாக நிமிர்த்தினாலும் தசைக்குள்ளேயே எலும்பு வளரக்கூடும். வாளி தூக்க வைப்பது, மணல் பை தொங்கவிடுவது எல்லாம் அதே ரகம். பிள்ளையே மக்கால் தண்ணீர் ஊற்றிக் குளிக்கட்டும், தலை சீவட்டும், பந்து உருட்டட்டும். மடக்குவது முதலில் வரும், முழுதாக நிமிர்வது மெதுவாக. கடைசிச் சில பாகைக்கு மாதங்கள் ஆகலாம்.

வார்டு செவிலியர்:

வரும் வழியில் பிஸ்கட்டும் பாலும் கொடுத்துவிடாதீர்கள். மயக்க மருந்துக்குத் திட உணவு முடிந்து 6 மணி நேரம் ஆக வேண்டும், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம். கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் விழுந்த நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். எங்கள் முதல் இரண்டு கேள்விகள் அவைதான்.