ஒரே பார்ட்டி டேபிளுக்கு ரெண்டு உறவு: ரெயில்ஸில் எப்படி எழுதறது?

மேல்விஷாரம்காரன்:
ஒரு தோல் ஏஜென்ட்டுக்கு ஜாப் ஒர்க் (சரக்கை வெளியாள்கிட்ட கொடுத்து வேலை செஞ்சு வாங்கறது) கணக்கு எழுதித் தர்றேன். ரெயில்ஸ் 7 (ரூபி மொழியில வெப் ஆப் எழுதற ஃப்ரேம்வொர்க்), டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். வெட் ப்ளூ (குரோம்ல பதப்படுத்தின ஈரத் தோல்) ராணிப்பேட்டை டேனரிக்குப் போகும், கிரஸ்ட்டா (காய்ஞ்சு ஃபினிஷிங்குக்குத் தயாரான தோலா) வரும், ஃபினிஷிங்குக்கு வேற ஆளுக்குப் போகும். இன்னிக்கு சரக்கு அனுப்பறவர் நாளைக்கு வாங்கறவர். அதனால எல்லாரும் 'பார்ட்டி'ங்கற ஒரே டேபிள்லதான். சலான்ல (சரக்கோட போற சீட்டு) 'அனுப்பியவர் ஐடி', 'பெற்றவர் ஐடி'ன்னு ரெண்டு ஃபீல்டு. பில் போடற பழைய சாஃப்ட்வேரும் இதையே படிக்குது, அதனால பேரை மாத்த வழியில்லை.

சலான் ஒரு பார்ட்டியைச் சேர்ந்ததுன்னு சொல்ல 'பிலாங்ஸ் டு பார்ட்டி'ன்னு எழுதினா 'பார்ட்டி ஐடி'யைத் தேடுது. குமாஸ்தா வாயில வர்றது "போன சலான்", "வந்த சலான்". கோடுலயும் அப்படியே கூப்பிடணும்னு ஆசை. முடியுமா?

காட்பாடி ஜங்ஷன்:
தாராளமா முடியும். உறவுக்கு என்ன பேர் வைக்கறதுங்கறது உங்க இஷ்டம். சலான் மாடல்ல (சலான் டேபிளுக்கான கிளாஸ்) 'பிலாங்ஸ் டு அனுப்பியவர்'னு எழுதி, கிளாஸ் நேம் 'பார்ட்டி'ன்னு கொடுங்க. 'அனுப்பியவர் ஐடி'யை அதுவே எடுத்துக்கும்.

பார்ட்டி பக்கம் அப்படி இல்லை. ஒரு பார்ட்டிக்குப் பல சலான்னு சொல்ல 'ஹேஸ் மெனி போன சலான்கள்'னு எழுதினா ரெயில்ஸ் உறவோட பேரைப் பார்க்காது, மாடல் பேரை வச்சு மறுபடி 'பார்ட்டி ஐடி'யைத்தான் தேடும். அதனால அங்க கிளாஸ் நேமோட ஃபாரின் கீயும் (எந்த ஐடி ஃபீல்டை வச்சு இணைக்கணும்ங்கறது) எழுதியே ஆகணும். ஃபாரின் கீயைக் கையால கொடுத்துட்டா மறுபக்க உறவை அது தானா கண்டுபிடிக்காது, 'இன்வெர்ஸ் ஆஃப் அனுப்பியவர்'னு சேர்த்துடுங்க. இல்லைன்னா பார்ட்டியோட சலான் பட்டியலை ஓட்டி ஒவ்வொண்ணுலயும் அனுப்பியவரைக் கேட்கறப்போ, கையில இருக்கற அதே பார்ட்டிக்கு டேட்டாபேஸுக்கு மறுபடி குவெரி (கேள்வி) போகும்.

வாலாஜா ரோடு:
தம்பி, 'திரும்பாத சலான்கள்'னு இன்னொரு ஹேஸ் மெனி வைங்க. ஜாப் ஒர்க்குக்குப் போன மூலப்பொருள் 1 வருஷத்துல திரும்பலைன்னா, ஜிஎஸ்டி சட்டம் 143ஆம் பிரிவுப்படி அனுப்பின அன்னிக்கே சப்ளை பண்ணின கணக்கு. வரி கேட்பாங்க. 'திரும்பிய தேதி காலி'ங்கற நிபந்தனையை லாம்டாவுக்குள்ள (உறவோட சேர்த்து எழுதற சின்ன கோடு துண்டு) எழுதினா போதும். டிஃபால்ட் ஸ்கோப்ல (எல்லாத் தேடலுக்கும் தானா ஒட்டிக்கற நிபந்தனை) மட்டும் போட்டுடாதீங்க. அப்புறம் முடிஞ்ச சலானைத் தேடினா கண்ணுல படாது.

டிபெண்டென்ட்டுக்கு (பார்ட்டியை நீக்கினா அதோட சலானை என்ன பண்ணணும்ங்கற செட்டிங்) 'டிஸ்ட்ராய்' வேண்டவே வேண்டாம். பார்ட்டியை நீக்கினா சலான் மொத்தமும் போயிடும். 'ரெஸ்ட்ரிக்ட் வித் எரர்' போடுங்க, சலான் இருக்கற பார்ட்டியை நீக்க விடாது.

மேல்விஷாரம்காரன்:
ரொம்ப நன்றி அண்ணா, ரெண்டு பேருக்கும். போன, வந்த, திரும்பாத மூணும் ஓடுது. பட்டியல்ல 'இன்க்ளூட்ஸ்'ல (உறவுகளை முன்கூட்டியே மொத்தமா எடுக்கறது) அனுப்பியவர், பெற்றவர் ரெண்டையும் கொடுத்ததும் லாக் ஃபைல்ல குவெரி வரிசையே காணோம். இன்னொண்ணு: ஆரம்ப இருப்பு ஏத்தறப்போ அனுப்பியவர் கிடையாது, சேவ் ஆகமாட்டேங்குது.

காட்பாடி ஜங்ஷன்:
ரெயில்ஸ் 5லேர்ந்து பிலாங்ஸ் டு காலியா இருந்தா ஏத்துக்காது. அனுப்பியவருக்கு 'ஆப்ஷனல் ட்ரூ' போடுங்க. பெற்றவருக்கு வேண்டாம், சரக்கு யார்கிட்ட இருக்குன்னு தெரியாத சலான் உள்ளே வரக்கூடாது.